பக்குவமாகச் சொல்கிறவர்

மயிலாப்பூரில் ஸ்ரீரங்கன் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, "ஒரு வாய் காபி கிடைக்குமா?" என்று கேட்டால் யாருக்கு என்ன ஆச்சோ என்று அந்த வீட்டுப் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். உறவில் யார் மண்டையைப் போட்டாலும் அதைப் போய்ச் சொல்கிற வேலை அவருடையது. யாரும் அவரை நியமிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் முப்பத்துச் சொச்சம் வருஷம் உட்கார்ந்து, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்துப் பழகிய மனிதர். அந்தப் பழக்கம் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்தது, வீட்டிலிருந்து தெருவுக்குப் போனது. கடைசியில் அடையாறு, தி. நகர் என்று சொந்தம் எங்கெல்லாம் சிதறிக் கிடந்ததோ அங்கெல்லாம் அவருக்கு இந்தப் பேர் நிலைத்துவிட்டது. "ஸ்ரீரங்கனை விட்டுச் சொல்லச் சொல்லுங்கோ, அவர்தான் பக்குவமா சொல்லுவார்."

அவருடைய பக்குவத்துக்கு ஒரே ஒரு விதிதான். வெறும் வயிற்றில் யாருக்கும் கெட்ட சேதி சொல்லக் கூடாது. கேட்டுவிட்டால் எடுக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது, அடுப்பு எரியாது. ஆகையால் முதலில் சாப்பிடட்டும். அவரும் கூட உட்கார்ந்து, மழை வருமா, மாட வீதியில் ஏன் இத்தனை பள்ளம் வெட்டியிருக்கிறான் என்றெல்லாம் பேசிக்கொண்டிருப்பார். எதிராளி கை கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் மெல்லத் தொண்டையைச் செருமுவார். ஒரு தடவை ஒரு பெண் அவரிடம் கேட்டேவிட்டாள். "அப்பா போனது தெரியாம ரெண்டாவது தோசை கேட்டு வாங்கித் தின்னேனே மாமா, எப்படி உங்களால பாத்துண்டிருக்க முடிஞ்சுது?" அவர் அதைத் துக்கத்தில் வந்த பேச்சு என்று எடுத்துக்கொண்டார். நல்லது செய்கிறோம் என்று முடிவு கட்டிவிட்ட மனிதன் காதில் வேறு எதுவும் ஏறாது.

அவர் மனைவி ஜலஜா பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. டிராயிங் பீரியட் என்றால் மற்ற டீச்சர்கள் கடன் வாங்கிக்கொண்டு கணக்குப் போடுகிற பீரியட் என்று அர்த்தம். அதையும் மீறி அவளுக்குக் கிடைத்த வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் வாழைப்பழமும் பூச்சாடியும் வரையச் சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல், இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் என்று ஓர் ஊர் இருப்பதைப் பற்றி அந்தப் பெண்களிடம் பேசிக்கொண்டே இருந்தாள். பாதிப் பேர் டெஸ்குக்கு அடியில் ஹோம்வொர்க் எழுதுவார்கள். மீதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். ஜலஜாவுக்கு அது உறைக்கும். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி அந்த ஊர்ப் பெரிய சர்ச்சின் கவிந்த கோபுரத்தை எப்படிக் கீழிருந்து சாரம் கொடுத்துத் தாங்காமலே வளைத்துக் கட்டினார்கள் என்று ஆரம்பித்துவிடுவாள்.

இதையெல்லாம் அலுக்காமல் கேட்டது உலகத்தில் ஒரே ஆள், அவள் அக்கா ரத்னா. ராஜா அண்ணாமலைபுரத்தில் பிள்ளை நிரஞ்சனோடு இருந்தாள். புருஷன் போய் வெகுநாள் ஆயிற்று. தினமும் காலையில் இரண்டு பேரும் குளித்துவிட்டு, சேவித்துவிட்டு, போனை எடுத்தால் அரை மணி நேரம். அம்மா இல்லாத வீட்டில் ஜலஜாவுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவள் ரத்னா. இருவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம், இருந்தாலும் ஜலஜா கடைசி வரை அவளை அம்மா ஸ்தானத்தில்தான் வைத்திருந்தாள். ஜலஜா ரிடையர் ஆனதும், "சேத்து வெச்சு என்ன பண்ணப் போறேள்? அவளை அந்த ஊருக்கு அழைச்சுண்டு போங்கோ" என்று ஸ்ரீரங்கனை விடாமல் நச்சரித்ததும் ரத்னாதான்.

அப்படித்தான் மே மாதத்து வெயிலில் அவர்கள் கிளம்பினார்கள். தி. நகரில் ஒரு டூர் கம்பெனி. இரண்டு வேளையும் தயிர் சாதம் உத்தரவாதம், கூடவே ஒரு சமையல்காரர். பஸ் முழுக்க மயிலாப்பூரும் அடையாறும்தான். ரோம் போனால் என்ன, அங்கேயும் முன் ஸீட்டுக்குச் சண்டை வந்தது. ஜலஜா அதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து வரப்போகிற ஃப்ளாரன்ஸை நினைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பெண்ணைப் போல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் போகிற வழியில் காபி குடிக்கப் பஸ் நின்றபோது ஸ்ரீரங்கனுக்குப் போன் வந்தது. நிரஞ்சன். ஜலஜா உள்ளே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். இவர் பெட்ரோல் பங்க் பக்கமாக நடந்துபோய் எடுத்தார்.

"அம்மா போயிட்டா, சித்தப்பா."

காலையில் பூஜைக்கு விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. சித்தியை எப்படியாவது ஏற்றி அனுப்பட்டுமா என்று ஸ்ரீரங்கன் கேட்டார். எந்த விமானம் பிடித்தாலும் நாளை சாயங்காலம்தான் வந்து சேர முடியும், அதுவரை வைத்திருக்க முடியாது, இன்றைக்கே எடுக்கிறோம் என்றான் நிரஞ்சன். பிறகு கொஞ்ச நேரம் அழுதான். அழுகை அடங்கியதும் அவன் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"சித்தி ஆசைப்பட்டது அந்த ஊர் ஒண்ணுதான். அம்மாவும் அதுக்காகத்தானே அடிச்சுண்டா. முகத்தையும் பாக்க முடியாது, ஊரையும் பாக்க முடியாதுன்னா என்ன பிரயோஜனம்? பாத்துட்டு வரட்டும். அப்புறம் நீங்க பக்குவமா சொல்லிக்கோங்கோ."

அவன் பேரில் குற்றமில்லை. தாயைப் பறிகொடுத்த பிள்ளை அந்த நேரத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்வான். கேட்டவருக்கு அல்லவா புத்தி இருந்திருக்க வேண்டும்? ஆனால் ஸ்ரீரங்கனுக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று பிடித்துக்கொண்டது. சாப்பாடு முடிகிற வரை பொறுக்கிற மனிதர், இங்கே ஓர் ஊர் முடிகிற வரை பொறுத்தால் என்ன என்று நினைத்தார்.

ஒரே ஓர் உறுத்தல்தான் மிச்சம், தீட்டு. கோயில் என்று இல்லாவிட்டாலும் சர்ச், சாமி, எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சமையல். அதனால் பஸ்ஸிலேயே சாஸ்திரம் தெரிந்தவராக மதிக்கப்பட்ட சாய்நாத்திடம் ரகசியமாக யோசனை கேட்டார். சாய்நாத் அடையாறில் ஆடிட்டர். வருமான வரியில் எங்கே சந்து இருக்கிறது என்று தெரிந்தவருக்குச் சாஸ்திரத்தில் தெரியாதா?

"காதுல விழுந்தாத்தான் ஓய் தீட்டு. அவா கேக்கலையோன்னோ, அவாளுக்கு ஒண்ணும் கிடையாது. தாராளமா எல்லா எடத்துக்கும் வரலாம். நீர் ஒரு ஸ்நானத்தைப் பண்ணிடும், சரியாப் போச்சு" என்றார் சாய்நாத்.

அவர் சொன்னதில் சாஸ்திரப்படி ஒரு பிழையும் இல்லை. ஒரு பெண் அழாமல் இருக்கச் சாஸ்திரத்திலேயே இடம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் சாய்நாத்துக்கு மனைவி என்று ஒருத்தி இருந்தாள், ஸ்ரீலக்ஷ்மி. அவர் அவளிடம் சொன்னார். அவள் பின் ஸீட்டில் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஜலஜாவைத் தவிரப் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, சமையல்காரர் உள்பட.

ஃப்ளாரன்ஸை முதலில் ஒரு மேட்டிலிருந்துதான் காட்டினார்கள். கீழே ஆறு, பாலங்கள், செம்பழுப்பு ஓட்டுக் கூரைகள், நடுவில் அந்தக் கவிந்த கோபுரம். ஜலஜா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. யாராவது சொல்லிவிட்டார்களோ என்று ஸ்ரீரங்கன் சுற்றி நின்றவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தார். அவள் திரும்பிச் சிரித்ததும்தான் அப்படி இல்லை என்று தெரிந்தது. "அக்காவுக்குக் காட்டணும், போன் பண்ணுங்கோ" என்றாள். இங்கே சிக்னல் சரியில்லை என்று அவர் சொன்னார். வாழ்க்கையில் சேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறாரே தவிரப் பொய் சொன்னதில்லை. இதுதான் முதல் பொய். ஒன்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

ஹோட்டலுக்குப் போய் இரண்டாம் தடவை குளித்தார். என்ன திடீரென்று என்று ஜலஜா கேட்டதற்கு, வேர்வை என்றார். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ரத்னாவுக்காக அவர் கொஞ்சம் அழுதார். இத்தனை வருஷம் தீபாவளிக்கு முதல் பட்சணம் அவர் கைக்குத்தான் கொடுப்பாள் ரத்னா. வெளியே வந்தபோது ஜலஜாவின் போனில் செய்தி வந்திருந்தது. நிரஞ்சன்தான் தாயின் போனிலிருந்து அடித்திருந்தான். தொண்டை கட்டியிருக்கிறது, டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார், நன்றாகப் பார்த்துவிட்டு வா என்று.

"அக்காவுக்கு டைப் பண்ண வந்துடுத்து பாத்தேளா" என்று ஜலஜா பூரித்துப்போனாள். அன்று எடுத்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒரு கும்பிடு பொம்மை வந்தது. அந்த நேரத்துக்கு நிரஞ்சன் கொள்ளி வைத்துவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு வந்திருப்பான். தலைமாட்டில் வைத்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை எப்படித்தான் அனுப்பினானோ.

மறுநாள் பஸ்ஸே ஜலஜாவைத் தாங்கியது. ஜன்னலோர ஸீட்டைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்த மாவடுவை, யாருக்கும் காட்டாத மாவடுவை, ஸ்ரீலக்ஷ்மி எடுத்து அவள் தட்டில் வைத்தாள். கைடு இங்கிலீஷில் சொல்வது புரியவில்லை, நீங்களே சொல்லுங்கோ மாமி என்று டூர் மேனேஜர் வந்து கேட்டான். ஜலஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ரோம்ல இதே மனுஷாதான் வள்ளு வள்ளுன்னு விழுந்தா. இந்த ஊர்க் காத்துலயே என்னவோ இருக்கு" என்று புருஷன் காதோடு சொன்னாள். அவர் தலையாட்டினார்.

பெரிய சர்ச்சுக்குப் பின்னால் இருந்த மியூசியத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஓர் அறையில் தனியாக ஒரு பளிங்குச் சிலை. சிலுவையிலிருந்து இறக்கிய பிள்ளையின் செத்த உடம்பு சரிந்து கீழே நழுவுகிறது. தாய் பக்கத்திலிருந்து தாங்கப் பார்க்கிறாள், முடியவில்லை. முக்காடிட்ட ஒரு கிழவர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறார். ஜலஜா ஒரு முறை சுற்றி வந்தாள். எல்லோரும் கூடியதும் பேச ஆரம்பித்தாள்.

மைக்கேலாஞ்சலோ தள்ளாத வயதில் தன் கல்லறைக்கென்றே செதுக்க ஆரம்பித்த சிலை இது என்றாள். சரியாக வரவில்லை என்று தானே சுத்தியலால் உடைத்துவிட்டார், வேறு யாரோ ஒட்ட வைத்திருக்கிறார்கள், ஒரு காலே இல்லை பாருங்கள் என்று காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தாயார் முகத்தைப் பாருங்கோ. முடிக்கவே இல்லே. துக்கத்தோட முகத்தை முடிக்க முடியாதுன்னு விட்டுட்டாரோ என்னவோ. போன உடம்பு எவ்வளவு கனக்கும்னு தாங்கினவாளுக்குத்தான் தெரியும். அதைக் கல்லுல பண்ணிட்டார். நம்மளவா போறச்சே நாம கிட்ட இருந்து பிடிச்சுக்கணும். அவ்வளவுதான் கேக்கறா இவ. வேற ஒண்ணுமே கேக்கலே."

ஸ்ரீலக்ஷ்மி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் இருந்தவள் விசும்பிவிட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலைந்து பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சாய்நாத் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டூர் மேனேஜர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஸ்ரீரங்கனுக்கு அங்கேயே, இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்து இப்படி ஓரமாக அழைத்து, நாலு வார்த்தை. அந்தச் சிலையின் காலடியிலேயே விழுந்து அழட்டும், இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது? ஓரடி எடுத்தும் வைத்தார். அதற்குள் ஜலஜா அவரைப் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஒளியை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஆற்றங்கரையில் நடக்கும்போது ஜலஜா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு சொன்னாள்.

"அத்தனை வருஷம் பாடம் எடுத்தேனே, ஒருத்தி நிமிந்து பாத்திருப்பாளா? இன்னிக்குப் பாத்தேளா, அவாள்ளாம் அழுதா. நான் சொல்லிக் கேட்டு அழுதா. எனக்கு இது போறும்."

போட்டோ எடுங்கள், அக்காவுக்கு அனுப்பலாம் என்று பாலத்தின் மேல் நின்றாள். அவர் எடுத்தார். ஒன்றிரண்டு கலங்கிப்போயின, நன்றாகச் சிரி என்று சொல்லி மறுபடி எடுத்தார்.

அதற்கப்புறம் வெனிஸ் என்ன, மலை என்ன, பனி என்ன, எதுவும் ஸ்ரீரங்கன் கண்ணில் பதியவில்லை. ஜலஜாவும் அவற்றைப் பெரிதாகப் பார்க்கவில்லை. அவள் ஊரில் போய் அக்காவிடம் அந்தச் சிலை அறையை எப்படி விவரிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் ஸ்ரீலக்ஷ்மி அழுததைச் சொல்ல வேண்டும் என்று அவரிடமே சொல்லிப் பார்த்தாள். ஏர்போர்ட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தவர் அங்கே கூட்டம் என்று விட்டார். டாக்ஸியில் டிரைவர் இருந்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜலஜா பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. குளித்துவிட்டு நேரே ராஜா அண்ணாமலைபுரம் போகலாம், அக்காவுக்குத் தொண்டை எப்படி இருக்கிறதோ என்றாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று ஸ்ரீரங்கன் சொன்னார். அவரே குக்கர் வைத்தார், சாத்தமுது வைத்தார், அப்பளம் சுட்டார். பயணத்தில் நாக்குச் செத்துப்போயிருந்த ஜலஜா ருசித்து, இன்னும் கொஞ்சம் போடுங்கோ என்று கேட்டுச் சாப்பிட்டாள். கை கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

பெண்டாட்டிக்கு அந்தச் செருமல் தெரியாதா? எத்தனை வீடுகளுக்கு அவர் கூடவே போயிருக்கிறாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. அவர் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசவில்லை, அழவும் இல்லை. எப்போது என்று கேட்டாள். சொன்னார். அப்போது நாம் எங்கே இருந்தோம் என்று கேட்டாள். பஸ் காபிக்கு நின்ற இடத்தைச் சொன்னார். அந்தச் செய்திகளையெல்லாம் அனுப்பினது யார் என்றாள். நிரஞ்சன் என்றார். உன்னால் வந்திருக்க முடியாது ஜலஜா, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்தோம், சாய்நாத்தும் அதைத்தான் சொன்னார் என்றும் சேர்த்துச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவர் பெயரை எடுத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"சாய்நாத்துக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஸ்ரீலக்ஷ்மிக்கு?"

அவர் அதற்கும் தலையை ஆட்டினார்.

"பஸ்ல எல்லாருக்குமா?"

ஸ்ரீரங்கன் தலையைக் குனிந்துகொண்டார். ஜலஜாவின் உதடுகள் லேசாக அசைந்தன. ஜன்னல் ஸீட்டு, மாவடு, மாமி நீங்களே சொல்லுங்கோ, எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குள் இடம் மாறுவது அவருக்குத் தெரிந்தது. கடைசியில் எங்கே வந்து நிற்பாள் என்றும் தெரிந்தது. அங்கே வராமல் இருக்க வேண்டுமே என்று பெருமாளை வேண்டிக்கொண்டார்.

"அப்போ அன்னிக்குச் சிலைக்கு முன்னாடி அவா அழுதது?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சிலையைப் பார்த்துத்தான் அழுதார்கள், நீ பேசினதைக் கேட்டுத்தான் அழுதார்கள் என்று சொன்னால் அந்த ஒன்றாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும். வாயைத் திறந்தார். பொய் வரவில்லை.

"தெரிஞ்சுதான் அழுதா, ஜலஜா."

அவள் எழுந்தாள். கொடியிலிருந்து புடவையை உருவிக்கொண்டாள். குளியலறை வாசலில் நின்று, அவர் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"எங்க அக்காவுக்காக முன்னே பின்னே தெரியாதவாள்ளாம் அழுதிருக்கா. கூடப் பொறந்தவ நான் ஒருத்திதான் அழலே. பாடம் நடத்திண்டு நின்னிருக்கேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஸ்ரீரங்கன் கூடத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தண்ணீர் சத்தத்தைத் தவிர உள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து ஈரத் தலையோடு வெளியே வந்தவள், ராஜா அண்ணாமலைபுரத்துக்கு ஓர் ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். அவரும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நீங்க வர வேண்டாம்" என்றாள்.